'காலி' காளியிலிருந்து வந்ததல்ல

சிலர், பிலிப்பைன்ஸின் 'காலி' தற்காப்புக் கலை காளி தேவியின் பெயரில் பிறந்தது, 1521இல் மக்தான் தீவின் தலைவர் லாபுலாபு, ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மெகல்லனை அதை வைத்தே வீழ்த்தினார் என்கிறார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. அந்த மக்தான் போரில் மெகல்லனுடன் இருந்து, அவரது பயணத்தைப் பதிவு செய்த பிகாஃபெத்தா மூங்கில் ஈட்டி, அம்பு, கல், மெகல்லன் காலில் விழுந்த வாள்வெட்டு வரை எழுதினார். கலையின் பெயர் எதையும் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸில் மக்கள் இந்தக் கலைக்குச் சொல்லும் பெயர் ஆர்னிஸ் அல்லது எஸ்கிரிமா. இரண்டுக்கும் மூலம் ஸ்பானியம்: ஒன்று போர்க்கவசத்தைக் குறிக்கும் சொல், மற்றது வாள்வீச்சு. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்ததும் ஆர்னிஸைத்தான். 'காலி' என்ற பெயர் பரவியது 20ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் அமெரிக்கப் பயிற்சிக்கூடங்கள் வழியாக. சரி, பெயர் ஸ்பானியம் என்பதால் கலையும் ஸ்பானியருடையது என்று சொல்லிவிடாதீர்கள். தடியும் கத்தியும் பிடித்து அதை வளர்த்தவர்கள் அந்தத் தீவுகளின் மக்கள்.