எந்த வருஷத்து அலி?

நேற்றைய வாக்கெடுப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் பார்த்தால் பதினோரு பேர் டேக் பண்ணியிருக்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

வாக்கெடுப்பின் கேள்வி இதுதான்: குத்துச்சண்டையில் முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்? தாராளமாகப் பேசலாம். ராயபுரத்தில் டீக்கடைக்கு டீக்கடை பேசிய விஷயம்தான் இது. எனக்கு எரிச்சல், அதன் கீழே ஒரு தம்பி போட்ட கணக்கு. அலியை லாரி ஹோம்ஸ் அடித்தாராம், ஹோம்ஸை டைசன் நாலே ரவுண்டில் சாய்த்தாராம், அதனால் டைசன் முன்னால் அலி ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டாராம்.

எந்த வருஷத்து அலி, தம்பி?

ஹோம்ஸ் அடித்தது 1980 அக்டோபர் மாதத்து அலியை. வயது 38. ரெண்டு வருஷம் சண்டையே போடாமல் வந்தவர். பத்தாவது ரவுண்டோடு அவருடைய வாத்தியார் ஏஞ்சலோ டண்டீயே போதும் என்று நிறுத்திவிட்டார். 1988 ஜனவரியில் டைசனிடம் விழுந்தபோது ஹோம்ஸுக்கு என்ன வயது? அதே 38. அவரும் இருபது மாதத்துக்கு மேல் ரிங் ஏறாதவர். எதிரில் நின்ற டைசனுக்கு 21. ரெண்டு தடவையும் அடி வாங்கியது ஓய்ந்துபோன உடம்பு. இதை வைத்தா கணக்குப் போடுவது?

1964-ல் அப்போதைய சாம்பியன் சோனி லிஸ்டனை ஏழாவது ரவுண்டுக்கு ஸ்டூலைவிட்டே எழவிடாமல் செய்த 22 வயதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், அப்புறம் பேசலாம். ராணுவத்துக்கு வர மாட்டேன் என்றதற்காக 1967-ல் பட்டத்தைப் பிடுங்கி, மூன்றரை வருஷம் சண்டையே போடவிடவில்லை. 25-லிருந்து 28 வயது வரை. முழு அலியை நாம் யாருமே பார்க்கவில்லை.

"இப்போ இருக்கிறவங்க சைஸே வேற அண்ணே" என்கிறீர்கள். உண்மைதான். இந்தக் காலத்து டைசன் ஃபியூரி (இவர் வேறு டைசன்) ஆறடி ஒன்பது அங்குலம், 2020-ல் டியோன்டே வைல்டரோடு மோதும்போது 273 பவுண்டு. 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனோடு மோதியபோது அலி 216 தான். ஆனால் அப்போது 15 ரவுண்டு, இப்போது 12. அந்த எடையைச் சுமந்துகொண்டு பதினாலாவது ரவுண்டில் எப்படி நிற்பார் என்று யாராவது கேட்டீர்களா? கின்ஷாசாவில் அலியிடம் விழுந்த ஃபோர்மன், இருபது வருஷம் கழித்து 1994-ல், 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைச் சாய்த்துப் பட்டம் வாங்கினார். அவரும் நீங்கள் சொல்லும் 'பழைய ஆள்'தான்.

சென்டிமென்ட்டாகப் பேசுகிறேன் என்கிறார்கள். ஆமாம், பேசுகிறேன். அதே 1980-ல், ஹோம்ஸ் சண்டைக்குச் சில மாதம் முன்னால், அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. என் அப்பா, எங்கள் நைனா, ராயபுரத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்தவர். "தொப்பை வுழுந்துருச்சுடா, ஆனா கால் இன்னும் பேசுது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நைனாவைப் பற்றித்தான் நேற்று ஒருவர் கீழே எழுதுகிறார், "உங்க நைனா காலத்துல ஏதுங்க பாக்ஸிங், பேட்டைச் சண்டைதானே". ரோஷமான குத்துச்சண்டை என்று நோட்டீஸ் ஒட்டி, ஊரே திரண்டு வந்து பார்த்த ஆட்டம் ஐயா அது. பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து, கஞ்சி போகத் துவைத்து, கையில் சுற்றிக் கட்டுவார் நைனா. கட்டைவிரலில் ஆரம்பித்து மணிக்கட்டில் மூணு சுற்று. சுருக்கம் விழுந்தால் முழுக்க அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

62 வயதில், பயிற்சிக்கூடத்தில் பையன்கள் "தாத்தா, சும்மா ஒரு ரவுண்டு" என்று கெஞ்சி ஏற்றிவிட்டார்கள். ஏறினார். எதிரில் நின்ற பையன் விட்ட ஒரே ரைட், நைனா உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்ததுதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவர் பல்லால் கிளவுஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அந்தப் பையனிடம், "நல்ல குத்துப்பா, பின்னங்கால மட்டும் ஊனிக்க" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அதை யாரோ போனில் எடுத்தார்கள். கொஞ்ச நாள் ஏரியாவில் சுற்றியது. இதைப் படிக்கிற யாரிடமாவது இன்னும் இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள்.