கடைசி கீமோவும் அம்மாவின் ஊசி நூலும்
கடைசி கீமோதெரபி முடிந்த அன்றே குடும்பம் கூடி, 'நோயை வென்றுவிட்டோம்' என்று கொண்டாடிவிட வேண்டும், அதுவே நோயாளிக்குத் தெம்பு தரும் என்று புற்றுநோய் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்த வாரத்தில் நாங்களும் உறவினர்களை அழைத்திருந்தோம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் 'இனி ஒன்றும் இல்லை' என்று சொல்லச் சொல்ல, பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தால் மரத்துப்போயிருந்த விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு அவர் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார். 'எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது என்று இனிமேல் யாரிடம் சொல்வேன்?' என்று அன்றிரவு அவர் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அவருக்கு வந்தது ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை. அதற்கான டாமாக்சிஃபென் மாத்திரையைக் குறைந்தது 5 ஆண்டுகள் சாப்பிட வேண்டும், முதல் 3 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும், 5 ஆண்டுகள் கடந்த பிறகும் இவ்வகை திரும்பி வருவதுண்டு என்பதால்தான், மருத்துவர்கள் 'குணமாகிவிட்டது' என்று சட்டென்று சொல்லாமல் 'இப்போது நோயின் அறிகுறி எதுவும் இல்லை' என்று அளந்து பேசுகிறார்கள். அதற்காக, கொண்டாடவே கூடாது என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் பதில் எழுதியிருப்பதும் சரியன்று. கொண்டாடும் நாளைக் குறிக்க வேண்டியவர் யார் என்பதுதான் என் கேள்வி. ஏழெட்டு மாதங்கள் கழித்து ஒரு மாலையில், அம்மா யார் உதவியும் இல்லாமல் ஊசியில் நூல் கோத்து, என் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டு, 'இப்போது எல்லோரையும் வரச் சொல்' என்றார்.