எண்ணெய் நிக்காது, சுத்தி வரும்

ஈரான் மேல தடை, ரஷ்யா மேல தடைன்னு டிவில சொன்னாப் போதும், சங்ககிரி லாரிப் பட்டறையில இருந்து திருச்செங்கோடு போர்வெல் ரிக் ஆபீஸ் வரைக்கும் ஒரே பேச்சு: "இனி டீசல் நூறத் தாண்டிருமுங்க." எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க. தடை போட்டா எண்ணெய் நின்னு போகும்ங்கறதே பாதிதான் நெசம். பெரும்பாலும் அது வேற ஆளுக்கு, வேற வழியில, வேற விலைக்குப் போகுது.

2022-ஐயே எடுத்துக்குங்க. உக்ரைன் போர் தொடங்குச்சு, மார்ச் 7 அன்னிக்கு உலக விலைக்கு அளவுகோலா வச்சிருக்கற பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 139 டாலரைத் தொட்டுச்சு. ரஷ்யாவில இருந்து தினம் 30 லட்சம் பீப்பாய் நின்னு போகலாம்னு சர்வதேச எரிசக்தி முகமையே சொல்லுச்சு. அப்படி நிக்கலை. ஐரோப்பா வேண்டாம்னு ஒதுக்குன சரக்கு தள்ளுபடியில குஜராத்துக்கு வந்து, ஜாம்நகர்லயும் வாடினார்லயும் டீசலாகி, அதுல ஒரு பங்கு ஐரோப்பாவுக்கே கப்பல் ஏறுச்சு. அந்த டிசம்பர்ல ஜி7-ங்கற அமெரிக்கா மாதிரி ஏழு பணக்கார நாடுகள் ரஷ்ய எண்ணெய் பீப்பாய்க்கு 60 டாலர் உச்சவரம்பு வச்சதோட கணக்கும் இதுதான்: ரஷ்யாவுக்குக் காசு குறையோணும், எண்ணெய் மட்டும் வந்துட்டே இருக்கோணும். தடை போடுறவங்களுக்கும் அவங்க ஊர் பங்க் விலையில பயம் உண்டுங்க.

அப்புறம் விலை ஏன் துள்ளுது? அதுக்குக் காரணம் நம்மகிட்டயே இருக்குது. டீசல் ஏறிருச்சுன்னு எந்த ஓனர் வண்டிய ஷெட்டுல போடுறாரு? டியூ கட்டோணும், டிரைவருக்குப் படி குடுக்கோணும், கட்டுபடியாகாத வாடகைக்கும் ரிட்டர்ன் லோடு எடுத்துட்டு வரோணும். போர்வெல் வண்டி சங்கதி கேக்கவே வேண்டாம், கம்ப்ரஸர் ஓடுற வரைக்கும் குடிச்சுட்டே இருக்கும். உலகம் பூரா இதே கதைதான். யாரும் சட்டுனு குறைச்சுக்க முடியாததால, சரக்கு நூத்துக்கு அஞ்சு குறைஞ்சா விலை அஞ்சோட நிக்காது. 2019 செப்டம்பர்ல சவுதியோட அப்கைக் ஆலையைத் தாக்குனப்ப உலக சப்ளையில சுமார் 5 சதவீதம் போச்சு. திங்கக்கிழமை சந்தை முடியறப்ப விலை ஏறினது சுமார் 15 சதவீதம். ஆலையைச் சரி பண்ணிருவாங்கன்னு நம்பிக்கை வந்ததும் ரெண்டு வாரத்துல பழைய விலைக்கே வந்துருச்சு.

நான் பயப்படுறது, வளைகுடா எண்ணெய்க் கப்பலுங்க வெளிய வர்ற குறுகலான கடல்வழியான ஹோர்முஸ் ஜலசந்திக்குத்தான். 2024-ல தினம் சுமார் 2 கோடி பீப்பாய், உலகம் எரிக்கிறதுல அஞ்சுல ஒரு பங்கு, அந்த வழியாத்தான் போச்சு. தடையைச் சுத்திப் போக ஆயிரம் வழி இருக்குது. அந்த வாய் அடைச்சா மாத்துக் குழாய் வழி கொஞ்சந்தான். நாம இறக்குமதி பண்ற சமையல் கேஸும் பெரும்பாலும் அந்த வழியாத்தான் வருது. மங்களூர்ல லோடு இல்லைன்னா நாமக்கல் கேஸ் டேங்கர் நிக்க வேண்டியதுதான்.

இன்னொண்ணு, இதைச் சொன்னா சில பேருக்குக் கோவம் வரும். எல்லாப் பழியையும் புடின் மேல போடாதீங்க. 2020 மே மாசம் கச்சா எண்ணெய் கேப்பாரில்லாம கெடந்தப்ப டீசலுக்கு 13 ரூபாய் கூடுதல் வரி போட்டது டெல்லிதான். 2022 மே மாசம் 6 ரூபாய் குறைச்சாங்க. அதுக்கப்புறம் பங்க் விலை ரெண்டு வருசத்துக்குக் கிட்ட அசையலை. அந்த 2022-ல எண்ணெய்க் கம்பெனிங்க நஷ்டத்துக்கு வித்தாங்க, மறுக்கலை. ஆனா 2023-ல கச்சா 75 டாலர் பக்கம் இறங்கினப்பவும் நமக்கு ஒண்ணும் இறங்கலையே. எலெக்சனுக்கு முன்னாடி, 2024 மார்ச்லதான் 2 ரூபாய் குறைஞ்சுது.

ஆக, ரஷ்யத் தள்ளுபடி நம்ம டேங்குக்கு வரலை. அதுக்கான அபராதம் மட்டும் கரெக்டா வந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல ரஷ்ய எண்ணெய் வாங்குறோம்னு அமெரிக்கா நம்ம ஏற்றுமதிச் சரக்கு மேல கூடுதலா 25 சதவீதம் வரி போட்டு, மொத்த வரி 50 ஆனப்ப அடி விழுந்தது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு. எண்ணெய் வாங்குன சுத்திகரிப்பு ஆலைக்காரருக்கு வரவு. ஒன்றரை ஷிப்ட் வேலை கையவிட்டுப் போன பவர் டேபிள் தையல்காரருக்கு?

தடையை நாம நிறுத்த முடியாது. வாடகை ஒப்பந்தத்தை மாத்தலாமுங்க. ஆறு மாசத்துக்கு ஒரே வாடகைன்னு கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாம, டீசல் இத்தனை ரூபாய் ஏறினா டன்னுக்கு இத்தனை கூட்டோணும்னு எழுத்துல வாங்கச் சொல்லி நம்ம சங்கங்க ஒண்ணாக் கேக்கோணும். இறங்கினா நாமளும் குறைக்கோணும், அதுக்கு எத்தன பேரு சம்மதம்னு இங்கயே சொல்லுங்க பாக்கலாம்.