நிரம்பிய குளத்தைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தென்மேற்குப் பருவமழை வலுத்து நொய்யலில் புதுவெள்ளம் வந்துவிட்டால், சித்திரைச்சாவடித் தடுப்பணையைத் தாண்டி விழும் தண்ணீரையும், உக்கடம் பெரியகுளம் ததும்பி நிற்கும் அழகையும் கோவையில் பகிராதவர்களே இல்லை எனலாம். நானும் அந்தக் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறவன்தான். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு ஓடுகிற தண்ணீரைக் கண்டால் வருகிற மகிழ்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், தண்ணீரைச் சேமிக்கச் சமூக ஊடகம் உதவ வேண்டும் என்று மனதார நினைப்பவர்கள் ஜூலையில் எழுதுவதைவிட ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் அதிகம் எழுத வேண்டும் என்பதும், நிரம்பிய குளத்தைப் படம் எடுப்பதைவிட அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வறண்ட வாய்க்காலைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

காரணம் எளிமையானது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து வரும் நொய்யலின் குறுக்கே அணைக்கட்டுகளைக் கட்டி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பியதும் அதன் கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும்படி நம் முன்னோர்கள் அமைத்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சங்கிலியில் ஓர் இடத்தில் அடைப்பு ஏற்பட்டாலும், ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடும்போதே கீழே உள்ள குளம் காய்ந்து கிடக்கும். கோடையில் அப்படி ஒரு வாய்க்காலின் கரையோரமாக நடந்து பார்த்தால்தான் நிலைமை புரியும்: சாக்கு மூட்டையில் கட்டிப் போட்ட கோழிக்கழிவு, இடித்த வீட்டின் செங்கல்லும் காரையும், பஞ்சு பிதுங்கிய மெத்தை, அவற்றுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேலம். வெள்ளம் வந்த பிறகு இதில் இறங்கி யாரும் எதையும் எடுக்க முடியாது. எடுக்க வேண்டிய காலத்தில் ஊரார் கண்ணில் அது படவில்லை என்பதுதான் நம் குறை. அந்தக் குறையைக் கைபேசி ஒன்றே தீர்த்துவிடும்.

எனவே, படத்தோடு நாளையும் இடத்தையும் எழுதுங்கள். எந்தக் குளத்தின் வாய்க்கால், எந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம், அடைப்பு ஏறக்குறைய எத்தனை அடி நீளம் என்று குறிப்பிடுங்கள். “நீரின்றி அமையாது உலகு” என்று எழுதிய அழகான படத்தை ஆயிரம் பேர் பகிரலாம். அதைப் பார்த்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியாது. மாறாக, ஊரின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் இருநூறு பேர் மட்டுமே பார்த்தாலும், இடம் குறித்த ஒரு படம் வேலையைத் தொடங்கி வைக்கும். மே 1 அன்று கிராமசபை கூடுகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்பாக அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. அந்தப் படங்களை அச்செடுத்துக் கொண்டுபோய், வாய்க்காலைத் தூர்வாரத் தீர்மானம் நிறைவேற்றச் செய்து, அந்தத் தீர்மானத்தின் எண்ணையும் நாளையும் குழுவில் பதிவிட்டுவிட்டால், பிறகு அது யாரும் மறந்துபோகக்கூடிய பேச்சாக இருக்காது.

எங்கள் ஊர்க் குழுவில் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். முகநூலில் அவருக்குக் கணக்கே கிடையாது. ஒவ்வோர் அமாவாசையன்றும் காலையில் தம் தோட்டத்துக் கிணற்றில், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே நிற்கிறது என்று பார்த்து, குரல் பதிவாக அனுப்பிவிடுவார். “போன அமாவாசைக்கு இன்னைக்கு ஏழு அடி இறங்கியிருக்குதுங்க, பார்த்துப் பாசனம் பண்ணுங்க” என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். அறிவுரையோ புலம்பலோ அதில் இருக்காது. ஆனால் அந்த எண் கண்முன்னே மாதாமாதம் இறங்குவதைப் பார்த்த பிறகுதான், தென்னைக்கு வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த சிலர் சொட்டுநீருக்கு மாறினார்கள். புதிதாக ஆழ்துளைக் கிணறு போட எண்ணியிருந்தவர்களும் சற்று நிதானித்தார்கள். நான் பார்த்த வரையில், தண்ணீரைப் பற்றிய சமூக ஊடகப் பரப்புரைகளில் இதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்ல முடியாது.

நம் பகுதிக்கு இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். கொங்கு மண்ணின் பெரும்பகுதி கடினப் பாறையின் மேல் அமைந்தது. ஆற்றுப்படுகை மணலைப்போல இங்கே நிலத்தடியில் தண்ணீர் பரந்து தேங்கி நிற்பதில்லை. மேலே உள்ள மக்கிய பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. மேலடுக்குத் தண்ணீரை எடுத்து முடித்துவிட்டு ஆயிரம் அடிக்கும் கீழே துளை போடும்போது, ஒரு வெடிப்பு தட்டுப்பட்டால் கொஞ்சம் தண்ணீர், தட்டுப்படாவிட்டால் பாறைத்தூள் பறக்கும் வெறும் புகை என்ற நிலைக்கு வந்து நிற்கிறோம். அந்தப் புகையைப் பார்த்து நின்ற குடும்பங்களின் முகம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் பழகியதுதான்.

வீடுகளுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. குழியில் போட்ட ஜல்லியும் மணலும் மண்ணடைத்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ரீல்ஸ் போடும் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜல்லியை வெளியே எடுத்து, அலசி, மீண்டும் அடுக்கிக் காட்டினால், அதைப் பார்த்துப் பத்து வீட்டார் தங்கள் குழியைத் திறந்து பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வாசல் தெளிக்கிற அக்காவையும் தெருக்குழாயில் குடம் வழியவிட்ட பெண்ணையும் மறைந்து நின்று படம் பிடித்து, “இவர்களால்தான் தண்ணீர்ப் பஞ்சம்” என்று போடுவது கொடுமை. தண்ணீருக்காக நள்ளிரவில் எழுந்து காத்திருக்கிறவர்கள் அவர்கள்தான். 2018ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் கடும் வறட்சியில் சிக்கி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தபோது, அந்த மாநகராட்சி இணையத்தில் ஒரு வரைபடம் வெளியிட்டது. அளவாகச் செலவழித்த வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி வைத்தார்கள். தனிமனித விவரங்களை வெளியிடலாமா என்று அங்கேயே எதிர்ப்பும் எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனாலும், சேமிக்கிறவரை முன்னே நிறுத்த வேண்டும் என்ற அதன் நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் தெருவில் துணி அலசிய தண்ணீரில் வாழையும் கருவேப்பிலையும் வளர்க்கிற வீட்டை, அவர்கள் சம்மதத்தோடு படம் எடுத்துப் போடலாமே.

பழைய காணொளியை இன்றைய வெள்ளம் என்று பரப்புவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடக்கிறது. இதனால் வரும் தீங்கு வதந்தியோடு நிற்பதில்லை, உண்மையான ஆதாரங்களின் மதிப்பும் கெட்டுப்போகிறது. சாயக்கழிவால் நொய்யலுக்கு நேர்ந்தது நம் எல்லாருக்கும் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. இன்றும் ஆற்றில் நுரை பொங்கினால் யாரோ ஒருவர் படம் எடுக்கிறார். அதில் நாளும் நேரமும் இடமும் இல்லையென்றால், அதிகாரிகள் “எப்போது எடுத்ததோ” என்று ஒதுக்கிவிட நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

கடைசியாக, அத்திக்கடவு அவிநாசித் திட்டம். தலைமுறை கடந்த அந்தக் கோரிக்கைக்காக 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் நடந்தபோது, பந்தலுக்குப் போக முடியாத எங்களைப் போன்றவர்களிடம் கைபேசி வழியாகத்தான் ஒவ்வொரு நாளின் செய்தியும் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. (150 கோடி கன அடி) தண்ணீரை ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு சேர்ப்பது ஏற்பாடு. சராசரியாகக் கணக்கிட்டால் ஒரு நீர்நிலைக்குச் சுமார் 14 லட்சம் கன அடி. பெரிய குளங்களுக்கு இது போதாது. அதனால், மழைநீர் வரும் பழைய வழிகளை அடைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இந்த 1,045 நீர்நிலைகளில் ஒன்று உங்கள் ஊரில் இருந்தால், அதற்கென ஒரு பக்கத்தைத் தொடங்குங்கள். தண்ணீர் எந்த நாளில் வந்தது, எத்தனை நாள் வந்தது, கரையில் எந்தக் கல் வரை ஏறியது, சுற்றியுள்ள கிணறுகளில் எத்தனை அடி கூடியது, குழாய் எங்கே உடைந்தது என்பதை மட்டும் எழுதி வாருங்கள். அரசியல் வேண்டாம், வாழ்த்துப் பதாகைகளின் படமும் வேண்டாம். இரண்டு ஆண்டுகள் இப்படி எழுதி வைத்துவிட்டால், தண்ணீர் வராத குட்டைக்காரர்கள் மனு எழுதும்போது பக்கத்து ஊரின் கணக்கை எடுத்துக் காட்டிக் கேட்க முடியும்.