பஸ்ஸருக்கு டேப்

குவாரி, சுரங்கப் பக்கம் பம்ப் ஹவுஸ்களில் லெவல் சென்சாரும் அலாரம் பேனலும் மாட்டுவதுதான் என் பிழைப்பு. சில வருஷம் முன்னால் ஓர் இடத்துக்கு (பெயர் வேண்டாம்) சர்வீஸுக்குப் போனேன். கழிவுநீர்க் குட்டை நிரம்பினால் கத்த வேண்டிய பஸ்ஸரின் வாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப், நாலு சுற்று. உள்ளே பஞ்சு வேறு. "சும்மா சும்மா கத்துதுண்ணே, ராத்திரி கண்ணசர முடியல" என்றார் ஷிப்ட் ஆபரேட்டர்.

புரோப்பில் (குட்டைக்குள் இறக்கிய சென்சாரின் முனை) சேறு அப்பிக்கொண்டு, குட்டை காலியாக இருந்தாலும் நிரம்பியதாகக் காட்டிக்கொண்டிருந்தது. துடைத்தேன், டேப்பை உரித்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் போனால் சிவப்பு டேப்.

அவரைத் திட்ட மனசு வரவில்லை. அலாரம் அடித்தால் அவர் செய்யக்கூடியது சூப்பர்வைசருக்கு போன் போடுவது மட்டும்தான். அவர் எடுக்கமாட்டார். குட்டை வழிந்தால் எந்த ஊர்க் கிணற்றுக்குத் தண்ணீர் போகுமோ, அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு பஸ்ஸர் இருப்பதே தெரியாது. எனக்கு உறுத்துவது அதுதான்.

ருமேனியாவில் பாயா மாரே என்ற ஊர். 2000 ஜனவரி 30 ராத்திரி, மழையும் உருகிய பனியும் சேர்ந்து தங்கச் சுரங்கக் கழிவுக் குட்டையின் கரையை உடைத்துவிட்டன. சுமார் 1,00,000 கனமீட்டர் சயனைடு கலந்த தண்ணீர் ஆற்றில் இறங்கி, ஹங்கேரியில் டிஸா நதி, அப்புறம் டான்யூப் என்று போனது. டன் கணக்கில் மீன் செத்து மிதந்தது. மூடிய சுழற்சி, ஒரு சொட்டு வெளியே போகாது என்று சொல்லிக் கட்டிய ஆலை அது. போகாது என்று முடிவு கட்டிவிட்டதால், போனால் என்ன செய்வது என்ற ஏற்பாடே இல்லை.

ஆனால் டான்யூப் நாடுகள் தங்களுக்குள் ஓர் எச்சரிக்கை வலையை ஏற்கெனவே வைத்திருந்தன. சேதி விஷத்தை முந்திக்கொண்டு போனது. டிஸா தண்ணீரைக் குடிக்கும் ஸோல்னோக் நகரம் நேரத்தோடு உறிஞ்சுகுழாயை மூடிக்கொண்டது. இதற்கு நடுவே, குட்டையை ஒட்டியிருந்த கிராமத்துக் கிணறுகளில் சயனைடு!

அடுத்து பிரேசில், புருமாதின்யோ. 2019 ஜனவரி 25, மதியம் 12:28. வாலே கம்பெனியின் இரும்புத்தாதுக் கழிவு அணை சரிந்தது. அணையில் பீஸோமீட்டர்கள் இருந்தன (அணைக்குள் குழாய் இறக்கி, உள்ளே தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது). அணை அசைகிறதா என்று பார்க்கும் ரேடார் இருந்தது. நாலு மாதம் முன்னால்தான் ஜெர்மன் நிறுவனம் ஒன்று அணை உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழும் கொடுத்திருந்தது. சைரனும் இருந்தது. அன்றைக்கு அது அடிக்கவில்லை. சரிவு அவ்வளவு வேகம் என்றது கம்பெனி. ஆட்கள் சாப்பிடும் கேன்டீனைக் கட்டியிருந்தது அணைக்கு நேர் கீழே. 270 பேர் போனார்கள். அணைக்குக் கீழே கேன்டீன் வைப்பது கூடாது என்று சொல்ல எந்த சென்சாரும் வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே மாநிலத்தில், பராவ் தி கொகாயிஸில் வேறொரு கழிவு அணைக்காக விடியுமுன் சைரன் அலறியது. நூற்றுக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். அணை உடையவில்லை, பலர் வருஷக்கணக்கில் வீடு திரும்பவும் இல்லை. "பார்த்தீங்களா, வீண் பீதி" என்று இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். வீண் அலாரத்துக்கு விலை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்த டேப்பும் அப்படித்தான் வந்தது. ஆனால் அதற்கு மருந்து சேற்றைத் துடைப்பது.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. மீட்டர் காட்டும் அளவு கம்பெனித் திரையில் தெரியும் அதே நேரத்தில், கீழே குடிநீர் எடுக்கும் பம்ப் ஹவுஸிலும் தெரியட்டும். சைரனுக்கு இரண்டாவது சுவிட்ச் ஒன்று, சம்பளத்துக்குக் கம்பெனியைப் பார்க்காத ஒருவர் கையில் இருக்கட்டும். வயரிங் எனக்குத் தெரியும். ஒரு நாள் வேலை. சுவிட்சைக் கொடுக்கச் சம்மதம் வாங்கத்தான் எத்தனை வருஷம் ஆகுமோ.

2015 நவம்பர் 5, அதே பிரேசிலில் மரியானாவில் சுரங்கக் கழிவு அணை உடைந்தபோது கீழே இருந்த பெந்து ரொத்ரிகெஸ் ஊருக்கு சைரனே கிடையாது. அணை உடைந்த சேதி தெரிந்ததும் அந்த ஊர்ப் பெண் ஒருவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தெருத் தெருவாகக் கத்திக்கொண்டே போனார். ஊரில் பெரும்பாலானவர்கள் மேட்டில் ஏறித் தப்பினார்கள்.