ரெண்டாவது மானிட்டர்ல ட்ரே வெச்சா என்ன குறைஞ்சு போயிடும்?

இன்னிக்கு கிளையன்ட் கால்ல நடந்ததை எழுதாம எனக்கு தூக்கம் வராது. ரெண்டு மானிட்டர் வெச்சு வேலை பாக்குறவங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு இப்பவே புரிஞ்சிருக்கும். விண்டோஸ்ல வர்ற அந்த ரெண்டாவது டாஸ்க்பார். கீழ பட்டை இருக்கும், ஐகான் இருக்கும், ஓரத்துல மணி காட்டும். ஆனா பின்னாடி ஓடுற ஆப்போட குட்டி ஐகான் எல்லாம் நிக்கிற சிஸ்டம் ட்ரே மட்டும் வராது! விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போறதுக்கான பாதுகாப்பான இணைப்பு), பேக்கப்னு பின்னாடி ஓடுற அத்தனையும் மெயின் மானிட்டர்லதான்.

பெரிய மானிட்டர்ல ப்ரசன்டேஷன் ஃபுல் ஸ்க்ரீன்ல ஓடுது, அதைத்தான் ஷேர் பண்ணிட்டு இருக்கேன். பக்கத்துல லேப்டாப் ஸ்க்ரீன்ல நோட்ஸ். போன மாசக் கணக்கை லைவ்வா காட்டுங்கன்னு கேக்குறாங்க, சரின்னு டேஷ்போர்டைத் திறந்தா விபிஎன் கட். திரும்ப கனெக்ட் பண்ண ட்ரே ஐகானை ரைட் கிளிக் பண்ணணும், அந்த ஆப்புக்கு வேற வாசலே கிடையாது. லேப்டாப் பக்கம் டாஸ்க்பார் கண்ணு முன்னாடியே இருக்கு, அதுல மணி மட்டும் இருக்கு. மணி எனக்கு எதுக்கு? அதனால விண்டோஸ் கீயைத் தட்டுறேன், ஸ்டார்ட் மெனு ப்ரசன்டேஷன் மேல வந்து உக்காருது. ட்ரே பக்கத்துல இருக்கிற சின்ன அம்புக்குறியை அமுக்குறேன், ஒளிஞ்சிருந்த ஐகான் எல்லாம் கிளையன்ட் முன்னாடி வரிசையா நிக்குது. விபிஎன்னைத் தொட்டா லாகின் பாக்ஸும் அதே ஸ்க்ரீன்லதான் திறக்குது, என் ஐடியை எல்லாரும் படிக்கிறாங்க, நான் ஓடிபி அடிக்கிறதையும் பாக்குறாங்க. நடுவுல ஒருத்தர் "இன்னும் ஷேர் பண்றீங்களா?"ன்னு கேக்குறார். ஆமா சார், பண்றேன், என் மானத்தையும் சேர்த்துதான்!

உடனே யாராச்சும் லேப்டாப்பை மெயின் டிஸ்ப்ளேயா மாத்திக்கோன்னு வருவீங்க. மாத்துனா டெஸ்க்டாப் ஐகான் எல்லாம் அந்தப் பக்கம் தாவும், நாளைக்கு லேப்டாப்பை ஷேர் பண்ணா இதே கூத்து அங்க நடக்கும். ப்ரசன்டேஷன் பக்கம் மட்டும் டாஸ்க்பாரை மறைச்சு வைக்கலாம்னு பாத்தா ஆட்டோ ஹைடு போட்டா ரெண்டும் சேர்ந்து மறையுது. சரி, ஒவ்வொரு மானிட்டருக்கும் வேற வேற ஆப் பின் பண்ணலாமா? அதுவும் முடியாது.

இத்தனை வருஷமா இதுதான் கதை. 2009ல வந்த விண்டோஸ் 7ல ரெண்டாவது மானிட்டருக்கு டாஸ்க்பாரே கிடையாது, அல்ட்ராமான், டிஸ்ப்ளேஃப்யூஷன்னு வெளி ஆப் போட்டு ஓட்டணும். 2012ல விண்டோஸ் 8லதான் மைக்ரோசாஃப்ட்காரங்க அதைக் கொடுத்தாங்க. 2021ல விண்டோஸ் 11 வந்தப்போ ரெண்டாவது பக்கம் இருந்த கடிகாரத்தையும் தூக்கிட்டாங்க, சத்தம் போட்டப்புறம் 2022ல திரும்ப வந்துச்சு. ஒரே ஆப்போட விண்டோ எல்லாம் ஒண்ணாச் சேராம தனித்தனியா நிக்கிற ஆப்ஷனையும் பிடுங்கி 2023லதான் திருப்பிக் கொடுத்தாங்க. விண்டோஸ் 95லேந்து டாஸ்க்பாரை நாலு ஓரத்துக்கும் இழுத்து வெச்சுக்கலாம், அதையும் 11 வந்தப்போ எடுத்தாங்க. அகலமான மானிட்டர்ல அதை இடது ஓரத்துல நிக்க வெச்சு வேலை பாத்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். நல்லா இருந்ததைப் பிடுங்கிட்டு, அப்புறம் துண்டு துண்டா திருப்பிக் கொடுத்து அதுக்குப் பேரு புது வசதியா? லினக்ஸ்ல கேடிஇ பிளாஸ்மாங்கிற டெஸ்க்டாப்ல ஒவ்வொரு மானிட்டருக்கும் டாஸ்க்பார் மாதிரி தனி பேனல், அதுல தனி ட்ரேன்னு இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம், காசு கூட கிடையாது. அவங்களால முடியுதுல்ல?

ஆபீஸ்ல வெளி ஆப் போட அனுமதி இல்ல. ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டேன், "இது டிசைனே அப்படித்தான்"னு ஒரு வரி எழுதி க்ளோஸ் பண்ணிட்டாங்க. டிசைன்னு சொல்லிட்டா தப்பு சரியாயிடுமா? திரும்பத் திறக்கப் போறேன், அவங்க எத்தனை தடவை மூடினாலும் சரி.

அப்புறம் எங்க ரூம் ஏசியை 18ல வெக்கிறது யாருங்க? புது ஏசி ஆன் பண்ணா 24லதான் ஆரம்பிக்கணும்னு 2020லேயே ரூல் வந்தாச்சு, மெனக்கெட்டு குறைக்கிறீங்க. மவுஸ் பிடிக்கிற விரல் விறைச்சுப் போகுது, ரிமோட்டை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க.