75 பென்ஸ் சாக்லேட்டுக்கு 328 பவுண்டு

"தப்பு செய்தவனே கோர்ட் செலவையும் கட்டட்டும், நம்ம வரிப்பணத்தில் ஏன்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 ஏப்ரலில் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை.

கிடர்மின்ஸ்டரில் ஒரு பெண். உதவித்தொகை நின்றுபோய், நாள்கணக்காகச் சாப்பிடவில்லை என்று அவர் தரப்பில் கோர்ட்டில் சொன்னார்கள். கடையில் 75 பென்ஸ் மார்ஸ் சாக்லேட் பாக்கெட்டைத் திருடியதை ஒப்புக்கொண்டார். அபராதம் 73 பவுண்டு. அரசுத் தரப்புச் செலவு 85. பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 20. கடைக்கு 75 பென்ஸ். இதற்கு மேல், கோர்ட் செலவுக்கென்ற அந்தப் புதுக் கட்டணம் 150. ஆக 328 பவுண்டு 75 பென்ஸ். சோற்றுக்கே வழியில்லாதவர் எங்கே போய்ப் புரட்டுவார்?

நீதிபதி பார்த்துக் குறைத்திருக்கலாமே என்றால், அந்த அதிகாரமே அவருக்கு இருக்கவில்லை. குற்றவாளியின் வருமானம் என்ன, கையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்க்காமல் விதித்தே ஆக வேண்டியிருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 150. இல்லை, நான் செய்யவில்லை என்று வாதாடித் தோற்றால் 520. அதைவிடப் பெரிய வழக்கு, கிரௌன் கோர்ட்டில் விசாரணை நடந்து தோற்றால் 1,200. கையில் காசில்லாத ஒருவர், உண்மையிலேயே நிரபராதி என்றே வையுங்கள், என்ன முடிவெடுப்பார்? 'சரி, ஒப்புக்கொண்டு தொலைப்போம்' என்றுதானே தோன்றும்? வாதாடும் உரிமைக்கு விலை வைத்துவிட்டு அதை நீதிமன்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் உட்காருகிறவர்கள். அவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இந்தக் கட்டணத்தை விதிக்க மாட்டோம் என்று பதவி விலகினார்கள். ஆண்டுக்கணக்கில் தண்டனை வழங்கிப் பழகியவர்கள், குற்றவாளிகள் மேல் பரிதாபப்பட்டே பொழுது போக்குகிறவர்கள் அல்ல. அவர்களே எழுந்து போனார்கள் என்றால் அது எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்!

கட்டணத்தைக் கொண்டுவந்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங். அதே கட்சியில் அவருக்கு அடுத்து வந்த மைக்கேல் கோவ், டிசம்பர் 24 முதல் அதை நிறுத்தினார். ஆனால் அதற்கு முன் விதித்தது எதையும் ரத்து செய்யவில்லை. கிடர்மின்ஸ்டர் பெண்ணின் செய்தியைப் படித்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் பணம் போட்டார்கள். பேப்பரில் பெயர் வராத மற்றவர்கள் அந்த 150-ஐத் தாங்களேதான் கட்ட வேண்டியிருந்தது.